பால் கவரோடு சேவு கவர்

பந்தல்குடி ரோட்டோரத்தில் எங்கள் காரச்சேவுக் கடை. லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி வாங்கிப் போவார்கள். தின்றுவிட்டு வீசும் வெள்ளிக் கவர்கள் எதிரே சீமைக்கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டு வெயிலில் மினுமினுக்கும். அத்தனையிலும் எங்கள் கடைப் பெயர். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் பக்கம் பால் கவரை மட்டும் யாரும் வீசமாட்டார்கள். அலசிக் காயவைத்து அடுக்களையில் ஒரு பையில் திணித்து வைப்பார்கள். பழைய சாமான் எடுக்கிறவர் மொபெட்டில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வருவார். கவரை எடைபோட்டுப் பூண்டோ வெங்காயமோ தருவார். வெள்ளிக் கவரைத் தொடமாட்டார். கடையில் சேவு கவர் தீர்ந்து புதிதாக அடிக்க வேண்டி வந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பால் கவர் செய்கிற அதே பிளாஸ்டிக்கிலேயே சேவு கவரையும் அடித்தால் என்ன? கவர் அடிக்கிறவரிடம் போனில் கேட்டேன். தாராளமாக அடிக்கலாம் என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்காரர் முகம் சுளித்தார். "வெள்ளிக் கவருன்னாத்தான கம்பெனிச் சரக்கு மாதிரி இருக்கும். பால் கவருல சேவு போட்டா யாரு வாங்குவா?"

"நம்ம சேவு கடையில ஒரு வாரம் தங்குதா? அதுக்குள்ள வித்துருதுல்ல? மாசக் கணக்குல நமுக்காம வைக்கிற வெள்ளி நமக்கு எதுக்குங்க?"

"சரி, இந்த லோடு உன் இஷ்டம். பழைய சாமான் வண்டிக்காரரு எடுக்கலைன்னா அடுத்த லோடு வெள்ளிதான். அப்பறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

சம்மதித்தேன். கவர் அடிக்கிறவர் மூன்று அம்புகள் சுற்றி வருகிற மறுசுழற்சிக் குறியைப் போடலாம் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் குறி எங்கள் வெள்ளிக் கவரிலும் இத்தனை நாளாக இருந்ததுதான். அம்பு காட்டிய வழி முள்ளுக்குத்தான் போயிற்று. படிக்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். பால் கவர் படம் ஒன்று, அதன் கீழே "பால் கவரோடு சேர்த்து வையுங்கள்". இதைவிடத் தெளிவாக யார் எழுதிவிட முடியும் என்று பெருமை வேறு. முதலில் அச்சில்லாத மாதிரிக் கவர் கொஞ்சம் வாங்கி, அதில் ஸ்டிக்கராக அடித்து ஒட்டி விற்றுப் பார்த்தோம்.

பக்கத்துத் தெருப் பெரியம்மா ஒரு பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். "ஏத்தா, நீ எழுதியிருந்தபடியே பாலோட ஃபிரிட்ஜுக்குள்ள வச்சேன். சேவு நமுத்துப் போச்சே!"

வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரை முறைக்கப் போய் எனக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பெரியம்மாவுக்கு வேறு பாக்கெட் கொடுத்துவிட்டு அன்றைக்கே மாற்றி எழுதினேன். "தின்று முடித்ததும் கவரைத் துடைத்துப் பழைய பால் கவரோடு போடுங்கள். பழைய சாமான் வண்டியில் எடுத்துக்கொள்வார்கள்."

எழுதிய பிறகுதான் உறைத்தது. எடுப்பாரா என்று வண்டிக்காரரிடம் நான் கேட்கவே இல்லை. கேட்காமல் அச்சடித்தால் என் கவரும் பொய்தானே சொல்லும்? அடுத்த தடவை அவர் வந்ததும் மறித்து மாதிரிக் கவரைக் கொடுத்தேன். கசக்கினார், இழுத்துப் பார்த்தார்.

"பால் கவரு மாதிரிதான்க்கா இருக்கு. ஆனா சேவு கவருன்னாலே நான் தொடுறதில்ல. நடுவுல ஒரு வெள்ளிக் கவரு கெடந்தாக்கூட குடோன்ல மூட்டையத் திருப்பி விட்ருவாக. பாத்ததும் தெரியுற மாதிரி இருந்தா எடுக்குறேன்."

பால் கவர் படத்தைக் கவரின் பாதி அளவுக்குப் பெரிதாக்கினேன். கடைப் பெயர் மூலைக்குப் போயிற்று. "நம்ம பேரு எங்க இருக்குன்னு லென்சு வச்சுத் தேடணும் போல" என்று வீட்டுக்காரர் முனகினார். ஆனாலும் தடுக்கவில்லை.

புதுக் கவர் வந்தது, விற்றது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போதே எதிரே முள்ளைப் பார்ப்பேன். லாரிக்காரர்கள் வீசியதில் சில எங்கள் கவர்களும் கிடக்கும். வீடுகளில் சேர்த்து வைக்கிறார்களா என்று யாரிடம் போய்க் கேட்பது? தோற்றுவிட்டேன் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

ஒரு காலையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தெருக்கோடியில் வண்டிச் சத்தம். அவர் பதிவு செய்து வைத்திருந்த குரல் எனக்கு மனப்பாடம்.

"பழைய இரும்பு, பழைய பேப்பரு, ஓட்டக் கொடம், பால் கவரு..."

அடுத்து பூண்டு தருவதாகச் சொல்லும் வரி வரும். வரவில்லை.

"...சேவு கவரு..."

கை நிறைய மாவோடு வெளியே ஓடினேன். வண்டிக்காரர் என்னைப் பார்த்து ஒலிபெருக்கியைக் காட்டினார். "புதுசாப் பேசிப் போட்டேன்க்கா. வீட்டுக்கு வீடு இதையும் எடுப்பீகளான்னு கேக்குறாக, பதில் சொல்லி மாளல." பின்னால் கட்டியிருந்த சாக்கின் வாயில் எங்கள் கவர்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டேன்.

திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரர் கடைக்குள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"வெள்ளியெல்லாம் வேண்டாம்ணே. அதே கவரு. கடைப் பேரு மூலையிலயே இருக்கட்டும்."