குளிருக்குக் காத்திருந்த வருடம்

டெல்லியில் குளிர்காலம் எப்போது வரும் என்று ஏங்கிக் கிடந்த ஒரே தமிழ்க் குழந்தை நானாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் நவம்பரிலேயே குல்லாயை மாட்டிக்கொண்டு ஊரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குக் குளிரிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

அந்த வருடம் ஜூன் மாதத்தில்தான் அம்மா இறந்துபோனாள். எனக்கு ஏழு வயது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொடுத்த பராட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு, வராந்தாவில் அப்பா மதுரைக்குப் போன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "காலையிலதான் ஆவி பிரிஞ்சுச்சு" என்றார். வீட்டில் புழங்கும் நாலு வார்த்தைத் தமிழைத் தவிர எனக்கு மற்றதெல்லாம் இந்திதான். ஆவி என்றால் என்னவென்று தெரியாது. யாரிடமும் கேட்கவும் தோன்றவில்லை.

பள்ளி திறந்த சில வாரங்களில் அந்த வார்த்தை மறுபடி வந்தது. எங்களுடையது தமிழர்கள் நடத்தும் பள்ளி; டீச்சர் இடையிடையே தமிழிலும் விளக்குவார். டீச்சர் கரும்பலகையில் சூரியன், கடல், மேகம் எல்லாம் வரைந்து, "சூடு பட்டா தண்ணி ஆவியா மாறி மேல போயிரும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து, "போனா அவ்ளோதானா டீச்சர்?" என்று கேட்டேன்.

"அதெப்படி? கண்ணுக்குத் தெரியாது, ஆனா இருக்கும். குளிர்ந்துச்சுன்னா திரும்பத் தண்ணியா வந்துரும். உலகத்துல இருக்குற தண்ணி பூரா இப்படித்தான் சுத்திக்கிட்டே இருக்கு."

நல்ல கேள்வி என்று வகுப்பையே கைதட்டச் சொன்னார். டெல்லி வெயிலில் கூலர் தண்ணீரே தொட்டியில் தங்காது. அம்மா எப்படித் தங்குவாள்? எல்லாம் விளங்கிவிட்டது. இனிக் குளிர வேண்டியதுதான் பாக்கி.

அதுவரை நாட்களை ஓட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. அப்பா ஆபீஸிலிருந்து வரும்வரை ஆன்ட்டி வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பேன். வந்ததும் "சாப்டியா?" என்பார், "ம்" என்பேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குக்கர்தான் பேசும். எனக்கு மிகவும் தனிமையாக இருந்தது. அதைச் சொல்லத் தமிழும் போதவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் காலை மூடுபனி எதிர் வீட்டை மறைத்திருந்தது. எங்கள் ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அப்பா பழைய பனியன் துணியை எடுத்து வழக்கம்போல் துடைக்கப் போனார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அலறினேன்.

"வேணாம்ப்பா! அம்மா!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆவி பிரிஞ்சுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப சர்தி, குளிர் ஆயிடுச்சுல்ல, அதான் வந்துட்டா" என்றேன். அப்பா துணியை மடித்து நாற்காலிமேல் போட்டுவிட்டு, பல் தேய்க்கச் சொன்னார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் கண்ணாடியைத் தொடவில்லை. ஜன்னல் மரம் ஊறி உப்பிவிட்டதென்று ஆன்ட்டி சத்தம் போட்டபோதுகூட "ரஹ்னே தோ", இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். நான் தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று அம்மாவிடம் ஸ்கூல் கதையெல்லாம் சொல்வேன்.

பிப்ரவரி கடைசியில் ஒரு காலை கண்ணாடி காய்ந்து கிடந்தது. யூனிஃபார்மோடு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அப்பா வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். பிறகு கண்ணாடிக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோய், வாயைத் திறந்து மெல்ல ஊதினார். உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகப் படர்ந்தது.

"இங்கனதான இருக்கா. பாரு."

நான் கன்னத்தை அதில் வைத்துக்கொண்டேன். ஈரமாக இருந்தது. கொஞ்சநேரத்தில் அது மறைந்ததும் "இன்னொரு தடவைப்பா" என்றேன். ஊதினார். பஸ் ஹாரன் அடிக்கும்வரை ஊதிக்கொண்டே இருந்தார்.

அது அப்பாவின் மூச்சு என்று எனக்கு அப்போது தெரியாது. அவருக்கு அப்படி ஊதிக் காட்ட யாரும் இல்லை என்பதும் தெரியாது.