பதினேழாம் எண்ணின் துடிப்பு

நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு நிம்மதி. ஆனால் இது நடந்தது. போன ஜூலையில், ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில்.

நூற்றுக்கணக்கான சர்வர்களைச் சேர்த்து ஒரே வேலையைச் செய்யவைப்பது சிங்கப்பூரில் என் தொழில். ஒவ்வொரு சர்வரும் ஐந்து நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சமிக்ஞை அனுப்பும். துடிப்பு என்போம். முப்பது நொடி வராவிட்டால் அது செத்தது. அதன் வேலையை மற்றவற்றுக்குப் பிரித்துவிடுவோம். எங்கள் அலுவலகத்தில் அந்த விதியை எழுதியவன் நான்தான்.

எங்கள் குழுவின் நிஷாந்தன் செவ்வாய்க்கிழமையிலிருந்து வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. தேக்கா சந்தைக்கு மேலே ஒரு வீட்டில் தனியாக இருந்தான்.

“ரோனி அண்ணே, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாம் லா,” என்றாள் அதே குழுவின் பவித்ரா.

“முப்பது செகண்ட் பதில் இல்லன்னா செத்ததுன்னு வெச்சுக்க. அவன் வேலைய நீ எடுத்துக்க.”

அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

வியாழன், 3:05. தஞ்சோங் பகார் அலுவலகத்தின் சர்வர் அறையில் தனியாக இருந்தேன். திரையில் பதினேழாம் எண் சர்வர் துடித்தது.

பதினேழைப் போன வாரமே நிஷாந்தன் கழற்றிவிட்டிருந்தான்.

துடிப்பு ஐந்து நொடிக்கு ஒருமுறை வரவில்லை. நொடிக்கு ஒன்று. சில நேரம் தடுமாறி, இரண்டு.

3:09. சர்வர்கள் செருகியிருக்கும் அடுக்குக்குப் போனேன். பதினேழின் இடம் காலி. ஆனால் நாற்றம்... பழைய மூத்திரம், வாந்தி, நாள்பட்ட வியர்வை. அந்தக் குளிர் அறையில் அந்த ஓட்டையிலிருந்து மட்டும் வெதுவெதுப்பாக வந்தது.

கையை விட்டேன்.

ஈரம்.

விரலில் முடி. கொத்தாக...

கையைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே திரைக்கு ஓடினேன்.

3:14. இரண்டு துடிப்புக்கு இடையே நான்கு நொடி.

3:16. ஒன்பது நொடி.

விதிப்படி முப்பது நொடி காத்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை. பயத்தால் அல்ல. அருவருப்பு. அவ்வளவுதான். ‘நீக்கு’ என்று அழுத்தினேன். 3:17.

இயந்திர இரைச்சலுக்கு நடுவே, என் காதருகில், யாரோ மூச்சை விட்டார்கள்.

ஹ்ஹா...

துடிப்பு நின்றது.

மறுநாள் பவித்ரா போலீசோடு போய் நிஷாந்தன் வீட்டுக் கதவை உடைக்கவைத்தாள். செவ்வாய் காலை குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறான். எழ முடியவில்லை. கீழே மீன் கடைகள். நாற்றத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“ரெண்டு நாள் உசிரோட இருந்திருக்காருண்ணே. கையில கட்டியிருந்த வாட்ச்ல எல்லாம் பதிஞ்சிருக்கு,” என்றாள், என்னைப் பார்க்காமல்.

கடைசி இதயத் துடிப்பு: வியாழன், பிற்பகல் 3:17.