கால் கிண்ணம் தண்ணீர்

என் மேஜை மேல் ஒரு வெள்ளிக் கிண்ணம் இருக்கிறது. இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்தால் எவ்வளவு இடம் வருமோ அவ்வளவுதான் அதன் கொள்ளளவு. வெளிப்புறத்தைச் சுற்றிப் பன்னிரண்டு மிருகங்களைத் தட்டி எழுப்பியிருக்கிறார்கள். எலியில் ஆரம்பித்து யானையில் முடியும். இப்போது அதில் குண்டூசி, ரப்பர் பேண்டு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை என்று கண்டதும் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இது ஏது என்று கேட்பார்கள். கொடைக்கானலில் வேலை பார்த்தபோது ஒரு அம்மா பிரியமாகக் கொடுத்துவிட்டுப் போனது என்று சொல்லுவேன். போன வருஷம் வரைக்கும் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஐம்பதுகளின் பின்பாதியில் கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியின் ஸ்டோருக்கு நான் பொறுப்பாளனாக இருந்தேன். மேல்மலையில் பூம்பாறை என் ஊர். பாதிரிமார் பள்ளியில் படித்ததால் தட்டுத் தடுமாறி இங்கிலீஷ் பேசுவேன். அந்த வட்டாரத்தில் அதற்கு அன்று நல்ல மரியாதை இருந்தது, எனக்கும் அந்தக் கர்வம் கொஞ்சம் உண்டு. விடுதியில் சின்னப் பிள்ளைகள் பகுதிக்கு மேட்ரனாக இருந்தவரை நாங்கள் சியாம் அம்மா என்போம். தாய்லாந்தின் வடக்கே ஒரு ஊரில் பிறந்தவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருடைய கணவர் அதே பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த வெள்ளைக்காரர். ஆறு வயதில் ஒரு மகள். அதிர்ந்து பேசாத மனுஷி. ஆனால் போர்வைக்கட்டில் ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

அவர் வந்து முதல் சித்திரை. நம் வருஷப் பிறப்பும் அவர்கள் வருஷப் பிறப்பும் ஒட்டியே வரும் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர்கள் ஊரில் இளையவர்கள் மூத்தவர்களின் உள்ளங்கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி, போன வருஷம் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பார்களாம். மூத்தவர் அந்தத் தண்ணீரைக் கையில் வாங்கி வாழ்த்திவிட்டால் பொறுத்துக்கொண்டார் என்று அர்த்தம். பெற்றவளாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை, வயதில் மூத்தவர் யாராக இருந்தாலும் சரி. அவர் மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்டதில் அவருடைய அம்மாவுக்குச் சம்மதமில்லை. ஊரைவிட்டுக் கிளம்பிய வருஷம் இந்தக் கிண்ணத்தோடு போய் நின்றபோது அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டாராம். அதற்கப்புறம் போட்ட கடிதம் எதற்கும் பதில் இல்லை. "வேறு ஒரு தாயின் கை கிடைத்தாலும் போதும்" என்றார். விடுதி வளாகத்துக்கு வந்துபோகிறவர்களில் வயதான அம்மா யார் என்று கேட்டார். என் அம்மா மறுநாள் உருளைக்கிழங்கு லாரியில் வருகிறாள் என்று நானாகத்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

அம்மாவிடம் நான் ஒன்றும் விளக்கவில்லை. இதில் விளக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அந்தம்மா கையில் தண்ணீர் ஊற்றுவார்கள், நீட்டிக்கொண்டிரு என்று மட்டும் சொன்னேன். விடுதி முற்றத்துப் பேரிக்காய் மரத்தடியில் அம்மாவுக்கு நாற்காலி போட்டிருந்தது. வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ்ஸில் வரவழைத்த மல்லிகையைச் சியாம் அம்மா தண்ணீரில் மிதக்கவிட்டிருந்தார். பட்டுத்துணி சுற்றிக்கொண்டு முழங்கால் போட்டு உட்கார்ந்தார். மகளும் பட்டு உடுத்திப் பூ வைத்துத் தன் முறைக்காகப் பக்கத்தில் நின்றது. சமையல்காரர்கள், சலவைக்காரம்மா, தோட்டக்காரர் எல்லோரும் கூடிவிட்டார்கள். முதல் தண்ணீர் கையில் விழுந்ததும் அம்மா அந்தக் குழந்தையைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், வெடுக்கென்று கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். மீதித் தண்ணீர் தரையில் கொட்டியது. "ஏலே, எதடா எனக்குத் தாரை வாக்குறாக? பச்சப் புள்ளைய சோடிச்சு நிறுத்தி வச்சிருக்காகளே, இதையா? நான் எதையும் வாங்கிக்கிட மாட்டேன்னு சொல்லு" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் கையில் தண்ணீர் வார்ப்பதென்றால் எதையோ அவருக்கே கொடுத்துவிடுவது என்றுதான் பொருள். நிலமோ, மாடோ, பெண்ணோ, வார்த்தது வார்த்ததுதான், திரும்ப வராது. அம்மா அதை நினைத்துப் பயந்துவிட்டாள். இதை ஒரு நிமிஷத்தில் எடுத்துச் சொல்லி நேராக்கியிருக்கலாம், இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஆனால் சமையல்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பட்டிக்காட்டு அம்மா என் மானத்தைக் கப்பலேற்றிவிட்டாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருந்ததாம்" என்று இங்கிலீஷில் ஒரு பொய் சொன்னேன். சியாம் அம்மா தரையில் கொட்டிய தண்ணீரைப் பார்த்தார். பிறகு சிரித்து, கும்பிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டாவது தாயும் கதவைச் சாத்திவிட்டாள் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருப்பார். எனக்கு அது அப்போதே தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

அடுத்த வருஷம் கிண்ணம் வெளியே வரவில்லை. பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பையன், எங்கள் ஊரில் இன்றைக்குத் தெருவில் தண்ணீர் ஊற்றி விளையாடுவோம் என்று சொல்லி, தகரக் குவளையால் பக்கத்துப் பையனின் முதுகில் ஊற்றினான். சியாம் அம்மா அதட்டுவார் என்று பார்த்தேன். அவரே போய்த் தீயணைக்கிற சிவப்பு வாளியை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார். அதற்கடுத்த வருஷம் ஆறு வாளிகள், பிறகு தோட்டத்து ரப்பர் குழாய். மல்லிகை வரவழைக்கிற சோலி அதோடு நின்றுபோனது. கொடைக்கானல் சித்திரை வெயில் காலத்தில் சேர்ந்ததில்லை. பையன்கள் பல் கிடுகிடுக்க ஈரச்சட்டையோடு ஓடுவார்கள். மறுநாள் பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகும். சலவைக்காரம்மாவுக்குத்தான் இது பிடிக்கவே இல்லை. "எங்க ஊருல மஞ்சத்தண்ணி ஊத்துனாலும் மொறைக்காரன் மேலதான் ஊத்துவோம். இங்க என்னடான்னா எவன் மேல வேணாலும் எவனும் ஊத்துறான்" என்று துணியைக் கல்லில் அடித்துக்கொண்டே சொல்வார்.

அறுபதுகளில் அது விடுதியைத் தாண்டிவிட்டது. சீசனுக்கு வந்தவர்கள் வேலிக்கு வெளியே கேமராவோடு நின்றார்கள். பக்கத்து பங்களாக்காரர்கள் புல்வெளியில் டீயும் கேக்கும் வைத்து, எங்களுக்கும் ஒரு நாள் அந்த சியாம் விளையாட்டை நடத்திக் காட்டுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். தொட்டியில் தண்ணீர் இறங்கிக் கிடக்கிற மாதத்தில் இந்தக் கூத்து தேவையா என்று விடுதி மேனேஜர் வருஷா வருஷம் முனகுவார். பையன்களால்தான் கெட்டது என்றார் ஒருவர், குழாயால்தான் என்றார் இன்னொருவர். கையில் ஊற்றிய தண்ணீர் எப்படித் தலையில் கொட்டுகிற தண்ணீரானது என்பது எனக்கு மட்டும் தெரியும். எல்லோரும் எல்லோர் மேலும் ஊற்றினால் யாரும் யாருக்கும் கை நீட்ட வேண்டியதில்லை. சியாம் அம்மா குடை பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். அவர் மேல் மட்டும் ஒருத்தனும் ஊற்றமாட்டான்.

இப்படி ஒன்பது வருஷம் ஓடியது. அந்தப் பங்குனியில் அவருடைய அம்மா இறந்துபோனதாகத் தந்தி வந்தது. கணவருக்கும் வேறு நாட்டுக்கு மாற்றலாகியிருந்தது, சித்திரை பிறந்த கையோடு கிளம்புவதாக ஏற்பாடு. சித்திரைக்கு முதல் நாள் போர்வைகளை ஒப்படைக்க ஸ்டோருக்கு வந்தவர், எண்ணிக்கொண்டே, இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்ட தமிழில் சொன்னார்: "எங்க அம்மா கை இல்ல. உங்க அம்மா கையும் இல்ல. இனிமே யாரு?" சொல்லிவிட்டு எண்ணுவதைத் தொடர்ந்தார். நான் குனிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. அன்று மத்தியானமே காலி லாரியில் ஏறிப் பூம்பாறைக்குப் போனேன்.

அம்மா பூண்டுக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிமிர்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒம்போது வருசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே? ஒரு பொம்பள மன்னிப்புக் கேட்டு வந்து முழங்கால் போட்டிருக்கா, நான் கைய இழுத்திருக்கேன். அன்னைக்கே சொல்லியிருந்தா நீ என்ன தேஞ்சா போயிருப்பே?" என்றாள். மறுநாள் வெள்ளனே எனக்கு முன்னால் லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் வாளியும் குழாயும் உச்சத்தில் இருந்தன. அம்மா யாரையும் கவனிக்காமல் நடுவில் நடந்தாள். குழாய்த் தண்ணீர் தோளில் அடித்தது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வராந்தா படியில் போய் உட்கார்ந்து, நனைந்த இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். சியாம் அம்மா குடையை மடக்கினார். கட்டி வைத்த பெட்டியை அவிழ்த்துக் கிண்ணத்தை எடுத்து வந்தார். மல்லிகை இல்லை, வாளித் தண்ணீர்தான். அவர் ஊற்ற ஊற்ற அம்மா கையை அசைக்காமல் வைத்திருந்தாள். "இவன் நேத்துத்தான் தாயி சொன்னான். எங்க ஊருல தண்ணி வாத்துக் குடுத்தது திரும்பாது. ஒங்க அம்மாவுக்கு நீ செஞ்ச தப்ப எனக்குத் தாரை வாத்துட்டே. இனிமே அது என்னுது. நீ திருப்பிக் கேட்டாலும் நான் தரமாட்டேன்" என்றாள். நான் இங்கிலீஷில் சொன்னேன், அந்த முதல் வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு. 'நேத்து', 'சொன்னான்' எல்லாம் ஸ்டோரில் தினமும் புழங்குகிற வார்த்தைகள், அவருக்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டிருக்காது. அம்மாவின் மடியில் முகத்தை வைத்து அழுதார். பையன்கள் குழாயைக் கீழே போட்டுவிட்டு நின்றார்கள்.

அழுது எழுந்தவர் என்னிடம் வந்தார். இரண்டு கைகளாலும் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். அதில் கால் பங்கு தண்ணீர் இருந்தது. வாங்கிக்கொண்டேன். வெறுங்கைகளைச் சேர்த்துக் குவித்தபடியே அவர் நின்றார், அது அவர்கள் ஊரில் விடைபெறுகிற விதம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நன்றி சொல்லிவிட்டு, தண்ணீரைப் பேரிக்காய் மரத்தடியில் கவிழ்த்தேன். கிண்ணத்தைத் துண்டில் துடைத்துச் சுற்றி வைத்துக்கொண்டேன். அவர் தரையில் கிடந்த தண்ணீரைப் பார்த்தார். பிறகு சிரித்து, கும்பிட்டு, காரில் போய் ஏறினார்.

போன வருஷம் என் பேத்தி பாங்காக் போய்விட்டு வந்து போனில் வீடியோ காட்டினாள். தெரு முழுக்கப் பிளாஸ்டிக் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டம். காதைப் பிளக்கிற பாட்டு, யானை தும்பிக்கையால் நனைக்கிறது. சிவப்பு வாளியில் நான் பார்த்ததுதான் பெரிதாகியிருந்தது, எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு வீட்டுக்குள் எடுத்த துண்டு ஒன்று வந்தது. ஒரு பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து கையைக் குவித்து நீட்டியிருக்கிறார். ஒருத்தி ஊற்றிவிட்டு, மிச்சத் தண்ணீரோடு கிண்ணத்தை அடுத்து நிற்பவனிடம் இரண்டு கையாலும் கொடுக்கிறாள். அவன் ஊற்றுகிறான். மறுபடி போடச் சொன்னேன். நாலு தடவை பார்த்தேன். சியாம் அம்மா வெறுங்கைகளைக் குவித்தபடி என் முன்னால் நின்றது ஞாபகம் வந்தது. பேத்தி என்ன தாத்தா என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன்.

எனக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. சித்திரை பிறந்த அன்று கிண்ணத்திலிருந்த குண்டூசியையும் மாத்திரையையும் மேஜையில் கொட்டிவிட்டு, கால் பங்கு தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைவிட மூத்தவர் என்று நான் அறிந்தவர் யாரும் இப்போது இல்லை.