கொல்லையில் கொட்டிய சாம்பல்

எத்தனை இயந்திரம் இரைந்தாலும் அவருக்கு ஒரு கைக்குழந்தை பால் குடிக்கும் சத்தம் கேட்கிறது. காதைப் பொத்தினால் இன்னும் கிட்டத்தில் கேட்கிறது.

ஊர்க் குப்பையை எரித்துக் கரண்டு எடுக்கும் ஆலையில் அவருக்குச் சாம்பல் அள்ளும் வேலை. மனைவி வைத்த பெயரே 'சாம்பலு'தான். அதை எதிர்த்துப் பேச யாருக்குத் தைரியம்?

சாம்பலில் இரண்டு வகை. அடுப்புக்குக் கீழே விழுவது கரடுமுரடு. புகையை வடிகட்டுகிற இடத்தில் சேர்வது சலித்த மாவு மாதிரி நைசு. நைசை மூட்டை கட்டித் தனியாகப் புதைக்க வேண்டும் என்று உத்தரவு. ஏன் என்று மனுஷன் ஒருநாளும் கேட்டதில்லை.

மழையில் வீட்டுக் கொல்லை சேறானபோது அந்த நைசு ஞாபகம் வந்தது. ஆலையில் வாய் கிழிந்த மூட்டைகளாகப் பார்த்து எடுத்துவந்து கொட்டி மிதித்தார். தரை கெட்டிப்பட்டது. "உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கீங்க" என்று மனைவியே மெச்சினாள். அவளுடைய கோழிகள் அங்கேதான் கிளறி மேய்ந்தன. மருமகள் உண்டானதிலிருந்து, பிள்ளை பெற்ற பிறகும், தினம் அந்த முட்டைதான். "கடை முட்டை வேணாம்மா, இது நம்ம கண்ணு முன்னாடி வளர்ந்த கோழி" என்று ஊட்டிவிடாத குறையாகக் கொடுத்தவரே அவர்தான்.

ஒருநாள் ஆலையில் பாதுகாப்பு வகுப்பு. வழக்கம்போலக் கண்ணயர்ந்தவரைக் 'கோழி' என்ற சொல் உலுக்கி எழுப்பியது.

"நைசு சாம்பல் விழுந்த மண்ணைக் கோழி கொத்தும். விஷம் முட்டைக்கு வரும். திங்கிறவங்க கொழுப்புல தங்கிடும்" என்றார் அதிகாரியம்மா.

"பால் குடுக்கிறவங்க தின்னா?" என்று எழுந்து கேட்டார் இவர்.

"பால்லயும் போகும்."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்கள். இவர் பேரப்பிள்ளையின் தலையில் போட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கோழிகளை அறுத்துப் புதைத்தார். சீக்கு என்றார். மனைவி வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டு ஆறுதலாக இருந்தது.

பால் கொடுத்துக்கொண்டிருந்த மருமகள் சத்தம் கேட்டுப் பிள்ளையை விலக்கிவிட்டு எழுந்து வந்தாள்.

"சீக்குக் கோழி முட்டையா மாமா நான் தின்னேன்? பாலுக்கு ஒண்ணும் ஆகாதே?"

உண்மை தொண்டைவரை வந்தது. சொன்னால் டாக்டரிடம் போகலாம், மண்ணை அள்ளலாம். சொன்னால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"ஒண்ணும் ஆகாதும்மா."

"நீங்க சொன்னா சரிதான் மாமா."

அழுத பிள்ளையை அவள் மறுபடி மார்போடு சேர்த்துக்கொண்டாள். அது ஆவலாகக் குடிக்கத் தொடங்கியது.