மதியம் இரண்டு பத்துக்கு எழுதிய ஆப்

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. பதினொரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும் இருக்கின்றன. எல்லாமே பட்டப்பகலில் எடுத்தவை. பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள்தான் நானும்.

எனக்குக் காது கேட்காது. எட்டு வருடத்துக்கு முன் வந்த மூளைக்காய்ச்சல் இரண்டு காதையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்விட்டது. பேச்சு மட்டும் மிச்சம். நான் வாயால் பேசுவேன். எதிராளியின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, மெழுகில் பல் பதித்து, மெஷினில் பாலிஷ் போட்டுக் கொடுப்பேன்.

கணவர் லாரி ஓட்டுகிறார். அவருடைய அக்கா எங்களோடுதான் இருந்தார். ஒரு பக்கம் கை கால் விளங்காது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. எனக்கு அவர் வைத்த பெயர் டமாரம். டமாரச் செவிடு என்பதன் சுருக்கம். அதை என் முகத்துக்கு நேராக, உதட்டை நன்றாக விரித்துச் சொல்வார். நான் படித்துவிட வேண்டுமாம். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் வாயைத் திறந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். அதோடு சரி. அவர் கத்தினாலும் எனக்கு ஊமைதான்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை அவர் பாத்ரூமில் விழுந்து இறந்துபோனார்.

அன்று ஒரு மணிக்கே கணவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிளம்புகிறேன் என்று தலையாட்டினார். நான் வாசலுக்கு முதுகைக் காட்டியபடி மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். 4:40-க்குக் கை கழுவப் போனேன். பாத்ரூம் கதவு திறக்கவில்லை. தோளால் முட்டித் தள்ளினேன். கதவுக்குப் பின்னாலேயே கிடந்தார். உடம்பில் சூடு இருந்தது. 4:50-க்குக் கணவருக்கு மெசேஜ் அனுப்பினேன். உடனே வந்தார். தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"விழுந்த உடனே உயிர் போயிருக்கும்மா. கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க" என்றார் டாக்டர்.

நம்பினேன். உள்ளதைச் சொன்னால், அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

போன மாதம் என் பழைய போன் உயிரை விட்டது. தெருமுனையில் ஒரு பெண் போன் கடை வைத்திருக்கிறாள். புதுசு வாங்கினேன். அவளே எல்லாம் ஏற்றிக் கொடுத்தாள்.

"நாலு ஃப்ரீ ஆப் போட்டிருக்கேன்க்கா. இது பூதக்கண்ணாடி, உங்க பல் வேலைக்கு ஆகும். இது பேப்பரை ஸ்கேன் பண்ணும். இது மாத்திரை போடுற நேரம் சொல்லும்."

நான்காவதைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் போய் நின்றாள். திரையில் எழுத்துகள் ஓடின.

"இதான் உங்களுக்கு. யார் பேசினாலும் எழுதிக் காட்டும்."

எட்டு வருடத்துக்குப் பிறகு, முதுகுக்குப் பின்னால் ஒருவர் பேசியது எனக்குத் தெரிந்தது. கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

மறுநாள். கணவர் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும். போனை மெஷின் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தேன். மதியம் 2:10.

"தமரம்" என்று எழுதியது.

அழித்தது.

"டமாரம்" என்று திருத்தியது.

மெஷினை நிறுத்தினேன். எழுந்து வீடு முழுக்கப் பார்த்தேன். யாரும் இல்லை. வாசல் கதவு பூட்டித்தான் இருந்தது.

அடுத்த நாள் அதே 2:10. "டமாரம் விழுந்துட்டேன்". 2:14-க்கு, "எந்திரிச்சு வாடி சனியனே".

போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

"பக்கத்து வீட்டு டிவியா இருக்கும்க்கா" என்று சிரித்தாள் அந்தப் பெண். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளே பார்க்க வந்தாள். இரண்டு பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தோம். 2:10. நான் போனைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தேன்.

அவள் உதடு அசைந்தது. "எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா..."

அதையும் போன் சரியாக எழுதியது. அதற்குக் கீழே இன்னொரு வரி.

"கையி கதவுப் பிடிக்கு எட்டல".

அவள் பையை எடுத்துக்கொண்டு போனவள்தான். அதன்பிறகு என் மெசேஜுக்குப் பதிலே இல்லை.

ஆப்பை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். அடுத்த மதியம் போனை பாத்ரூம் கதவருகே தரையில் வைத்துவிட்டு, எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

2:31. "தண்ணி".

2:48. "மெஷின் ஓடுற சத்தம் கேக்குது நீ அங்கதான் இருக்க".

நான் அங்கேதான் இருந்தேன். பத்தடி தூரத்தில்.

3:02. "இனிமே உன்ன அப்படிக் கூப்பிட மாட்டேன்".

3:05. "தங்கச்சி".

ஒரு தடவைகூட அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை...

3:11. "தம்பி".

தம்பியா? அவர் ஒரு மணிக்கே போய்விட்டாரே...

3:12. "தம்பி உன் காலு தெரியுது கதவுக்குக் கீழ".

கதவின் அடியிடுக்கைக் குனிந்து பார்த்தேன்.

3:13. "நிக்காதடா தொறடா".

3:15. "தம்பி".

3:20. "போயிட்டியா".

பிறகு வெறும் "தங்கச்சி".

மறுபடி.

மறுபடி.

4:18. "தங்கச்சி".

அவ்வளவுதான். திரை நகரவில்லை.

மறுநாள் காலை பஸ் பிடித்து லாரி ஷெட்டுக்குப் போனேன். அங்கே வண்டிகளைக் குறித்து அனுப்பும் கிளார்க்கிடம் அந்த வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். இருவருக்கும் நடுவில் மேஜை மேல் போனை வைத்தேன். அவர் சொல்வதை அது எழுதிக்கொண்டே வந்தது.

"மறக்குமாம்மா அது. பாவம், உங்க வீட்டுக்காரர் ஓடி வந்தாரு. அக்கா தவறிட்டாங்க, இன்னிக்கு வண்டி எடுக்க முடியாதுன்னாரு. நான்தான் உக்கார வச்சு டீ வாங்கிக் கொடுத்தேன்."

"எத்தனை மணிக்கு?"

அவர் நோட்டைப் புரட்டினார். வேறு டிரைவரை மாற்றி எழுதிய வரியில் விரலை வைத்து, என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

மூன்றே முக்கால்.