ஸ்கேனில் காட்டுங்க டாக்டர்

போன வருடம் சம்பா அறுவடை சமயம். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில், நாற்காலிகள் காலியாக இருந்தும் நான் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து கால்வரை சுரீரென்று இழுக்கும்.

ஏற்கெனவே எனக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. சில மாதம் நன்றாகத்தான் இருந்தேன். பிறகு அதே வலி திரும்பி வந்தது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவுக்குக் குனிய முடியவில்லை. முதுகெலும்பில் ஸ்குரூ வைத்து மறுபடி ஆபரேஷன் செய்யலாம் என்றார் இந்தத் தஞ்சாவூர் டாக்டர். பட்டுக்கோட்டையில் இன்னொருவர் ஊசி போதும் என்றார். பிசியோதெரபி பெண் பயிற்சியை விடாதீங்க என்றாள். மாமியாரோ எண்ணெய்க் கட்டு போடச் சொன்னார். துபாயில் இருக்கும் கணவர், என்ன முடிவு பண்ணினே என்று தினமும் போனில் கேட்பார். கடைசியாக யாரிடம் பேசினேனோ அவர் சொன்னதே சரியென்று படும். அப்படித்தான் ஆபரேஷனுக்குத் தேதி வாங்க வந்து நின்றேன்.

பக்கத்தில் இடுப்பு பெல்ட்டோடு ஒரு அம்மா நின்றார். வேதாரண்யத்திலிருந்து வந்தாராம். இரண்டு ஆபரேஷன் முடிந்தும் வலி போகவில்லையாம். அப்போ நான் பண்ணிக்க வேண்டாமா என்று கேட்டேன்.

“அதை நான் எப்படிம்மா சொல்றது? என் வலி வேற, உங்க வலி வேற. வலி எங்கேருந்து வருதுன்னு ஸ்கேன்ல காட்டச் சொல்லுங்க. நான் அதைக் கேக்காமலே ரெண்டாந்தடவை ஆபரேஷனுக்குப் படுத்துட்டேன்.”

உள்ளே போய் அதையே கேட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. படத்தை மாட்டி வெகுநேரம் பார்த்தார். எலும்பு நகரவில்லை, நரம்பும் எங்கேயும் நசுங்கவில்லை என்றார்.

“ஸ்குரூ வெச்சா வலி போயிடும்னு என்னால உறுதியா சொல்ல முடியலம்மா.”

ஆபரேஷனைத் தள்ளிவைத்து, வலிக்கென்றே பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினார். வெளியே வந்து அந்த அம்மாவிடம் சொன்னேன்.

“அப்போ இன்னும் குழப்பம்தானா?” என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நரம்பு வலிக்கு மாத்திரை, ஊசி, பயிற்சி என்று போகிறது. ஊசி கொஞ்ச நாள்தான் கேட்டது. பயிற்சியால் கடைத்தெருவரை நடக்கிறேன். சில நாள் சஜ்தாவும் செய்ய முடிகிறது, சில நாள் முடிவதில்லை. எது சரியான வைத்தியம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லி டாக்டரிடமே கேட்கும் தைரியத்தை, நான் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்த அம்மாதான் எனக்குக் கொடுத்தார்.