தரையில் படும் இடம்

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். தி. நகரில் என் சூட்கேஸ் கடையின் பெயர்ப்பலகை பறந்ததில் என்ன அதிசயம்? அது என் நெற்றியில் வந்து இறங்கியதுதான் வினை. நொறுங்கிய எலும்பை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் மூடித் தைத்தார்கள். உயிர் பிழைத்தேன். ஆனால் நெற்றி நடுவில் எலும்பு கிடையாது, குழி விழுந்துவிட்டது. குனியக்கூடாது, அங்கே எதுவும் அழுந்தக்கூடாது என்று உத்தரவு.

குனியாமல் எப்படித் தொழுவது? மச்சான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்தார். மயிலாப்பூரில் எங்கள் தெருப் பள்ளிவாசலுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய், கடைசி வரிசையில், முழங்கால் தேய்ந்த பெரியவர்களோடு உட்கார்ந்து, தலையை லேசாகச் சாய்த்துத் தொழுதேன். "நோயாளிக்கு அனுமதி உண்டு பாய், கவலைப்படாதீங்க" என்றார் ஹஜ்ரத். அனுமதி உண்டுதான். எனக்குத்தான் போதவில்லை. சஜ்தாவில் நெற்றி தரையைத் தொடாத ஒவ்வொரு வேளையும் கோபம் கோபமாக வந்தது. ஒருநாள் அந்த நாற்காலியை உதைத்தேன். வலித்தது எனக்குத்தான்.

அடையாறில் டாக்டரம்மா ஸ்கேனைக் கம்ப்யூட்டரில் காட்டினார். குழியின் அளவுக்கே டைட்டானியத் தகடு செய்து, ஸ்க்ரூ போட்டுப் பொருத்தலாமாம். முகம் பழையபடி ஆகிவிடுமாம். பிறகு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இந்தக் கறுப்புத் தழும்பையும் அப்படியே எடுத்துடலாம் சார், அடையாளமே தெரியாது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட வந்திருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அது அடிபட்டது இல்லீங்க டாக்டர். வருசக்கணக்கா தொழுது தொழுது காய்ச்சது. இவரு நெத்தி தரையில படற எடமே அதான்."

டாக்டரம்மா கையை எடுத்துக்கொண்டார். அவர் என் முகம் அழகாக வருவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார். நான் வந்ததோ வேறு காரியத்துக்கு.

"மூஞ்சி எப்படியோ இருந்துட்டுப் போவட்டும் டாக்டர். தினம் அஞ்சு வேளை தரையில அழுந்தினா தாங்கணும். தாங்காதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற எடம் பாக்கறேன்" என்றேன். கொஞ்சம் துடுக்காகத்தான்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கறுப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, படம் எடுத்து, தகடு செய்யும் கிண்டிப் பட்டறைக்கு அனுப்பினார். அந்த வட்டத்துக்குள் ஸ்க்ரூவும் வரக்கூடாது, தகட்டின் விளிம்பும் வரக்கூடாது என்று போனில் கண்டிப்பாகச் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்தும் மாதக்கணக்கில் அதே நாற்காலிதான். செக்கப்புக்குப் போகும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் பொறுங்க பாய்" என்பார் டாக்டரம்மா. கடைசியில் ஒருநாள், "இனிமே குனியலாம்" என்றார்.

அன்று மாலை அஸர் தொழுகையை வீட்டிலேயே தொழுதேன். பள்ளிவாசலில் நாலு பேர் பார்க்க அழ எனக்கு விருப்பமில்லை. மெல்லக் குனிந்தேன். முசல்லா விரிப்பின் சொரசொரப்பு நெற்றியில் பட்டது. அதற்குக் கீழே மொசைக் தரை, கெட்டியாக, குளிர்ச்சியாக. வழக்கத்தைவிட நெடுநேரம் அப்படியே கிடந்தேன். "ஏங்க, இன்னா ஆச்சு?" என்று பின்னால் மனைவி பதறினாள். தொழுகையில் பேசக்கூடாது. முடித்துத் திரும்பியதும் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. மொதல்ல அந்த நாற்காலிய எடுத்து மொட்டை மாடியில போடு."

அழுதுகொண்டேதான் சொன்னேன்.